பெயரிடுமுன் பொருளறிவோம்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் ஊரார் கேட்கும் முதற்கேள்வி, "ஆணா, பெண்ணா?" என்பது. இரண்டாவது கேள்வி, "என்ன பெயர்?" என்பது. முதற்கேள்விக்கு விடை இறைவன் கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதால்தான் அதில் நமக்குப் பொறுப்பும் இருக்கிறது. சோறு, துணி, கல்வி எல்லாம் குழந்தைக்குப் பிறகு கிடைப்பவை. பெயரோ பெற்றோர் தரும் முதற்கொடை. அதைக் குழந்தை கேட்டு வாங்குவதில்லை. ஆனால் ஆயுள் முழுவதும் சுமக்கிறது.

நம் ஆம்பூரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கிறிஸ்தவ இல்லங்களில் ஆங்கிலப் பெயர்கள் பல வழங்குகின்றன. எட்வின், ஸ்டான்லி, வெஸ்லி, டெய்சி, ஷெர்லி, ஹில்டா என்று அழைக்கிறோம். நம் ஊரில் தைக்கும் காலணிகள் கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. அயல்நாட்டுப் பெயர்கள் கப்பலேறி நம் தொட்டிலுக்கு வந்துவிட்டன! வந்தவற்றை வேண்டாமென்று சொல்வது எங்கள் நோக்கமன்று. அவற்றின் பொருள் என்ன, அவை எவ்வாறு வந்தன, அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பனவற்றை எங்களால் இயன்ற அளவில் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஆங்கிலப் பெயர் எது?

ஆங்கிலேயர் வைத்துக்கொள்ளும் பெயர்களெல்லாம் ஆங்கிலப் பெயர்கள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. மேரி, எலிசபெத், ஜான், ஜோசப் ஆகியவை எபிரேய மொழியில் பிறந்தவை. மார்கரெட், ஐரீன், ஜார்ஜ், பிலிப் ஆகியவை கிரேக்கம். விக்டோரியா, ஸ்டெல்லா ஆகியவை இலத்தீன். இவை இங்கிலாந்துக்கும் விருந்தாளிகளாகச் சென்ற பெயர்களே.

அப்படியானால் ஆங்கிலத்தின் சொந்தப் பெயர்கள் எவை? ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டில் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் பிறந்தவை சில உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டியவை. நாம் 'அருள்' என்பதையும் 'மொழி' என்பதையும் சேர்த்து அருள்மொழி என்பதில்லையா? 'பொன்', 'மணி' இரண்டையும் சேர்த்துப் பொன்மணி என்பதில்லையா? அதே முறைதான்.

எட்வர்டு என்பதில் முற்பகுதி செல்வம், நல்வாழ்வு, பிற்பகுதி காவலன். ஆகவே எட்வர்டு என்றால் செல்வத்தைக் காப்பவன். எட்வின் என்றால் செல்வமும் நட்பும் சேர்ந்தவன்; 'செல்வத்தோழன்' எனலாம். ஆல்பிரட் என்பது 'தேவதையின் ஆலோசனை பெற்றவன்'. எதெல் என்பது 'உயர்குணத்தவள்'. மில்ட்ரெட் என்பதில் மென்மையும் வலிமையும் இணைந்துள்ளன. மென்மை வேறு, வலிமை வேறு என்று எண்ணுகிற உலகத்தில் இரண்டையும் ஒருத்திக்கே சூட்டிய அந்தப் பழைய மக்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஹில்டா என்பதன் பொருள் 'போர்'. எடித் என்பதோ 'செல்வம்', 'போர்' இரண்டும் சேர்ந்தது. பெண் குழந்தைக்குப் போர் என்று பெயரா என வியக்க வேண்டாம். நம் நாட்டிலும் விஜயா, ஜெயா என்று வெற்றியின் பெயரைப் பெண்களுக்கு இடுகிறோம் அன்றோ?

மலரும் ஊரும் பெயரான கதை

டெய்சி என்பது ஒரு சிறு பூ. பழைய ஆங்கிலத்தில் அதன் பெயருக்குப் 'பகலின் கண்' என்று பொருள். காலையில் கதிரவனைக் கண்டதும் இதழ் விரித்து, மாலையில் மூடிக்கொள்ளும் பூவாதலால் அப்பெயர் வந்தது. நம் மலர்விழிக்கும் டெய்சிக்கும் எவ்வளவு நெருங்கிய உறவு பாருங்கள்! ஐவி என்பது சுவரில் படரும் ஒரு கொடி. நம் பூங்கொடிக்குத் தங்கை முறை.

இனி ஊர்ப்பெயர்கள். ஸ்டான்லி, வெஸ்லி, ஆஷ்லி, ஷெர்லி ஆகிய நான்கிலும் இறுதியில் 'லி' என்ற ஒலி வருகிறது. பழைய ஆங்கிலத்தில் அது காட்டின் நடுவே மரங்களை வெட்டித் திருத்திய வெளியைக் குறிக்கும். நம் பக்கத்து ஊர்ப்பெயர்களில் வாணியம்பாடியின் 'பாடி' போலவும், பேரணாம்பட்டின் 'பட்டு' போலவும் அது ஊர்ப்பெயரின் கடைப்பகுதி. ஸ்டான்லி என்பது கல் நிறைந்த வெளி. வெஸ்லி மேற்கு வெளி. ஷெர்லி ஒளி பொருந்திய வெளி. முதலில் ஊருக்குப் பெயராகி, பின் அவ்வூராரின் குடும்பப் பெயராகி, அதன்பின் குழந்தையின் பெயராயிற்று. இதில் விந்தை ஏதும் இல்லை. பழனி, சிதம்பரம் என்று நம்மவரும் ஊர்ப்பெயரை மக்களுக்கு இடுகிறார்கள். லூர்து மேரி என்னும் பெயரிலும் பிரான்சு நாட்டு ஊர் ஒன்று இருக்கிறது.

ஷெர்லி என்பது முதலில் பெண்பெயராக வழங்கியதில்லை. 1849-ஆம் ஆண்டில் ஷார்லட் பிராண்டி என்ற எழுத்தாளர் 'ஷெர்லி' என்னும் நாவலை வெளியிட்டார். அதன் கதைத்தலைவியின் பெற்றோர் மகனை எதிர்பார்த்திருந்தார்கள். பிறந்ததோ மகள். ஆயினும் மகனுக்கென்று வைத்திருந்த குடும்பப் பெயரையே மகளுக்கு இட்டுவிட்டார்கள். அந்த நாவலுக்குப் பிறகே அது பெண்பெயராகப் பரவியது. 1928-இல் பிறந்த ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரம் அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தார்.

இக்கதையைப் படிக்கும்போது நம் நாட்டு நிலையும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டின் சில ஊர்களில் பெண்ணுக்குமேல் பெண்ணாகப் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்றும், 'போதும்பொண்ணு' என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை! அந்தப் பெண் பள்ளிக்குச் சென்று வருகைப் பதிவேட்டில் தன் பெயரைக் கேட்கும் ஒவ்வொரு காலையிலும் என்ன நினைப்பாள்? ஆசிரியை அழைக்கிறார், அவள் எழுந்து, "உள்ளேன்" என்கிறாள். 'வேண்டாம்' என்ற பெயருக்கு 'உள்ளேன்' என்று விடை சொல்லும் அந்தக் குழந்தையின் மனத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரின் பொருள் வெறும் அகராதி விஷயமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'மகன்' என்று முடியும் பெயர்கள்

வில்சன், நெல்சன், ஜான்சன் போன்ற பெயர்களின் இறுதியில் வரும் 'சன்' என்பதற்கு மகன் என்று பொருள். வில்சன் என்றால் வில்லியத்தின் மகன். ஜான்சன் என்றால் ஜானின் மகன். நாம் தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே எழுதுகிறோம்; அவர்கள் பின்னே சேர்த்தார்கள். அருளப்பன் என்பவர் தம் மகனுக்கு ஜான்சன் என்று பெயரிட்டால் மிகவும் பொருத்தம். ஏனென்றால் ஜானும் அருளப்பனும் ஒரே பெயர். அது எப்படி என்பதைப் பின்னால் காண்போம்.

மறைந்து மீண்ட பெயர்கள்

1066-ஆம் ஆண்டில் பிரான்சின் வடபகுதியிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்து இங்கிலாந்தை வென்றார்கள். வென்றவர்களின் பெயர்களான வில்லியம், ராபர்ட், ஹென்றி, ரிச்சர்டு ஆகியவை நாட்டில் பரவின. சில தலைமுறைகளுக்குள் பழைய ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. ஆளுவோரின் பெயரை ஆளப்படுவோர் இட்டுக்கொள்வது எந்நாட்டிலும் நடப்பதே. இங்கிலாந்து மக்களுக்கும் ஒருகாலத்தில் அது நேர்ந்தது என்பது அறியத்தக்கது.

அவற்றுள் எட்வர்டு என்ற பெயர் மட்டும் பெருவழக்காக நிலைத்ததற்கு ஒரு புனிதரே காரணம். அவர் 1066 சனவரியில் இறந்த அரசர் எட்வர்டு. பக்தி மிகுந்தவரான அவரைத் திருச்சபை 1161-இல் புனிதராக ஏற்றது. பின்னாளில் மூன்றாம் ஹென்றி மன்னர் அவர்மீது கொண்ட பக்தியால் 1239-இல் பிறந்த தம் மூத்த மகனுக்கு எட்வர்டு என்று பெயரிட்டார். அடுத்த மகனுக்கு மற்றொரு புனித அரசரின் பெயரான எட்மண்டு என்பதை வைத்தார். மற்றப் பெயர்களில் பல, நூல்களில் உறங்கிக் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் விக்டோரியா அரசியாரின் காலத்தில் மீண்டும் எழுந்தன. ஆல்பிரட், எடித், எதெல், மில்ட்ரெட் எல்லாம் அப்போது நாகரிகப் பெயர்களாயின. மறைப்பணியாளர்களும் அதிகாரிகளும் ஆசிரியைகளும் நம் நாட்டுக்கு மிகுதியாக வந்த காலமும் அதுவே. நம் பாட்டியர் சிலருக்கு எதெல் என்றும் மில்ட்ரெட் என்றும் பெயர் அமைந்த காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

புனிதர் உண்டா?

கத்தோலிக்கத் தாய்மார் கேட்கும் கேள்வி இது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஞானஸ்நானத்தின்போது கிறிஸ்தவப் பெயர் இடப்படும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றோர் இணங்காவிட்டால், அவர்கள் விரும்பிய பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதும்படி கூறியது. 1983-ஆம் ஆண்டின் சட்டம் இதைச் சற்றுத் தளர்த்தியது. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் இடப்படாதபடி பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனிக்க வேண்டும் என்று மட்டும் கூறுகிறது. ஆகவே நல்ல பொருளுடைய தமிழ்ப் பெயருக்கோ ஆங்கிலப் பெயருக்கோ தடையில்லை.

எனினும் ஒரு புனிதரைப் பாதுகாவலராகக் கொள்வது நல்வழக்கம். ஆங்கிலத்தின் சொந்தப் பெயர்களிலும் புனிதர் பலர் உள்ளனர். எட்வின் என்ற அரசர் 627-இல் ஞானஸ்நானம் பெற்றவர். திருநாள் அக்டோபர் 12. புனித எட்வர்டின் திருநாள் அக்டோபர் 13. புனித எட்மண்டின் திருநாள் நவம்பர் 20. நவம்பர் 17-இல் நினைவுகூரப்படும் புனித ஹில்டா, விட்பி என்னுமிடத்தில் மடத்தலைவியாக இருந்து 680-இல் இறந்தார். ஆண் துறவியரும் பெண் துறவியரும் இருந்த அம்மடத்தை ஒரு பெண்ணாகிய அவரே ஆண்டார். அவரிடம் பயின்றவர்களில் ஐவர் ஆயர்களாயினர். மாடு மேய்த்த கேட்மன் என்ற எளியவரிடம் பாடும் திறன் இருப்பதைக் கண்டு அவரை ஊக்குவித்ததும் அவரே. போர் என்ற பெயரைக் கொண்டவர் கல்வியால் வெற்றி கண்டார்!

ஆட்ரி என்ற பெயர் ஜூன் 23-இல் நினைவுகூரப்படும் மற்றொரு மடத்தலைவியுடையது. 'உயர்குணமும் வலிமையும்' என்பது அதன் பொருள். ஆனால் அவர் திருநாள் சந்தையில் விற்ற மலிவான கழுத்துப் பட்டைகளுக்கும் அவர் பெயரே வழங்கியதால், ஆங்கிலத்தில் 'டாட்ரி' என்ற சொல் பகட்டான மலிவுப் பொருளைக் குறிக்கலாயிற்று. நல்ல பெயரையும் சந்தை எப்படிக் கெடுத்துவிடுகிறது பாருங்கள்.

எடித் என்ற பெயருக்கு இரு புனிதர் உள்ளனர். ஒருவர் பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த அரசகுமாரி. மற்றவர் எடித் ஸ்டெயின். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் 1891-இல் பிறந்து, தத்துவம் கற்று, கத்தோலிக்க மறையைத் தழுவிக் கார்மேல் சபைத் துறவியானார். 1942-இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் உயிர்நீத்தார். 1998-இல் புனிதர் பட்டம் பெற்றார்.

டெய்சிக்குப் புனிதர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு என்றே சொல்லலாம். பிரெஞ்சு மொழியில் அந்தப் பூவுக்கும் மார்கரெட் என்ற பெயருக்கும் ஒரே சொல் வழங்குவதால், மார்கரெட் என்ற பெண்களைச் செல்லமாக டெய்சி என்று அழைப்பது ஆங்கிலேயர் வழக்கம். மார்கரெட் என்றால் முத்து. ஆகவே வீட்டில் டெய்சி, பதிவேட்டில் மார்கரெட், தமிழில் முத்து என்றும் ஒரே குழந்தையை அழைக்கலாம்!

ஒலிவழியும் பொருள்வழியும்

வெளிநாட்டுப் பெயர்களை நம் முன்னோர் இரு வழிகளில் தமிழாக்கினார்கள். ஒன்று ஒலிவழி. அதனால் சூசை, இன்னாசி, சந்தியாகு, அந்தோணி ஆகியவை கிடைத்தன. மற்றொன்று பொருள்வழி. யோவான் என்றால் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள், ஆகவே அருளப்பர். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்று பொருள், ஆகவே சின்னப்பர். யோசேப்பு என்றால் 'அவர் பெருகச் செய்வார்' என்று பொருள். அதனால் வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் புனித சூசையப்பரை வளன் என்றார். கொன்ஸ்தான்சோ என்ற தம் பெயரின் உறுதிப்பொருளைக் கருதித் தைரியநாதர் என்ற பெயரையும் அவர் கொண்டிருந்தார்.

இவ்வழியின் சிறந்த எடுத்துக்காட்டு புனித தேவசகாயம். நீலகண்ட பிள்ளை என்ற அவர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்ற பெயரைப் பெற்றார். லாசர் என்றால் 'கடவுள் உதவினார்'. அதையே தமிழில் தேவசகாயம் என்றார்கள். 2022 மே 15-இல் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டபோது உலகமே அவரை அத்தமிழகப் பெயராலேயே அழைத்தது. வேதாசலம் மறைமலையானதும், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞரானதும் இதே பொருள்வழியில்தான்.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் யோவான், பேதுரு, பவுல் என்ற வடிவங்கள் இடம்பெற்றதால் அருளப்பர், சின்னப்பர் என்பவை இன்று அருகிவருகின்றன. அவற்றைக் காக்கும் கடமை தொட்டிலுக்கு உண்டு.

ஆம்பூரில் வாழும் நமக்கு இன்னொரு பேறும் உண்டு. அடுத்த வீட்டு இஸ்லாமியத் தோழியின் பெயர் மரியம் என்றால், அது நம் மரியாள்தான். அவள் அண்ணன் யூசுப் என்றால், அது நம் சூசைதான். 1917-இல் அன்னை காட்சி தந்த போர்ச்சுக்கல் நாட்டுச் சிற்றூரின் பெயர் பாத்திமா. அது ஓர் அரபுப் பெயர். அதனால் நம் தெருவில் பாத்திமா பீவியும் இருக்கிறாள், பாத்திமா மேரியும் இருக்கிறாள். பெயர்கள் சுவர் எழுப்பவில்லை, வாசல்தான் வைக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

பெயர் நூல்களில் அச்சிட்ட பொருளையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜாய் என்றால் மகிழ்ச்சி. ஜாய்ஸ் என்பதும் அதுவே என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு பழைய ஆண் புனிதரின் பெயரிலிருந்து வந்தது. ஷீலா என்பது வடமொழியில் நல்லொழுக்கம். அயர்லாந்தில் அதுவே செசிலியாவின் திரிபு. ஒரே ஒலிக்கு இரு தாயகம்!

பெயர் வீட்டார் நாவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். காலுக்கு அளவெடுத்துக் காலணி தைக்கும் ஊர் நம்முடையது. நாவுக்கு அளவெடுத்துப் பெயர் வைக்க வேண்டாமா? ஆயா அழைக்க முடியாத பெயர் ஆயாவின் மடியிலேயே வேறு பெயராகிவிடும்.

எழுத்து ஒன்றாக இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு ஆங்கிலப் பெயர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காகப் பெயர்ப்பட்டியல் சரிபார்த்தபோது, பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், ஞானஸ்நானச் சான்றில் வேறுவிதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் மூன்றாம் விதமாகவும் ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அவள் தந்தை அதைத் திருத்த இரண்டு நாள் கூலியை இழந்து அலைந்தார். "இந்தப் பெயரை ஏம்பா வெச்சீங்க?" என்று அவள் கேட்டாள். "நல்லா இருக்குதுன்னு வெச்சோம்மா, எழுத்து எங்களுக்குத் தெரியலையே" என்றார் அவர். பெயரில் குற்றமில்லை, எழுதித் தருவார் இல்லாததே குறை.

ஆதலால் பெற்றோர்க்கு எங்கள் வேண்டுகோள் இது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் அவசரப்பட வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் சேர்க்குமுன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். படித்த ஒருவரிடம் காட்டுங்கள். அந்தத் தாளையே நகராட்சிக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் கொண்டு செல்லுங்கள். 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், இந்தக் கவனம் முன்னைவிட இப்போது தேவை.

நிறைவாக

தோழியரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பெயரின் பொருளையும், அதை இட்டவர் யார், ஏன் இட்டார் என்பதையும் கேட்டறியுங்கள். எழுதி வையுங்கள். பொருள் நல்லதாயின் அதற்கேற்ப வாழ முயலுங்கள். எவரேனும் வெறுப்பினால் இட்ட பெயரைச் சுமக்கும் தோழி இருந்தால் அவளை எள்ளாதீர்கள். அவளுக்கு நாமே அன்பான ஒரு பெயரைத் தரலாம்.

ஞானஸ்நானச் சடங்கின் தொடக்கத்தில் குருவானவர் பெற்றோரிடம் முதலில் கேட்பது குழந்தையின் பெயரைத்தான். அப்போது தாயும் தந்தையும் சொல்லும் அந்த ஒரு சொல், ஆங்கிலமோ தமிழோ எபிரேயமோ, "மகளே, நீ எங்களுக்கு வேண்டும்" என்ற பொருளைத் தாங்கி நிற்கட்டும். அதுவே எல்லாப் பெயருக்கும் தலையாய பொருள்.